ஆங்கில அறிக்கையில் 'தி கமிட்டி': சி கேபிடலா, சின்ன எழுத்தா?

கேள்வி:
ஆங்கில ஆண்டறிக்கை ஒன்றைத் திருத்துகிறேன். 'ஃபைனான்ஸ் கமிட்டி' என்று முழுப்பெயர் வரும்போது கேபிடல், அதில் குழப்பமில்லை. அடுத்த வரியில் வெறும் 'தி கமிட்டி' என்று வந்தால்? ஒரே பக்கத்தில் இரண்டு விதமாகவும் கிடக்கிறது. போர்டு, கோர்ட் போன்றவற்றுக்கும் இதே சந்தேகம்.

பதில் 1:
அது பெயரா, வகையா என்று பாருங்கள். முழுப்பெயர் ஒரே அமைப்பைக் குறிக்கும். 'கமிட்டி' எந்தக் குழுவுக்கும் பொருந்தும். அதனால் பொது வாசகர்களுக்கான எழுத்தில், சுருக்கியதும் சின்ன எழுத்துதான். அமெரிக்கப் பதிப்புத் துறையில் பரவலாகப் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடும் அப்படித்தான் சொல்கிறது. முன்னால் 'எ', 'எனி', 'ஈச்' வந்தால் யோசிக்கவே வேண்டாம், சின்ன எழுத்து. அமெரிக்க நாடாளுமன்றமான 'காங்கிரஸ்' அதுவே பெயர் என்பதால் கேபிடல். 'காங்கிரஷனல்' என்று பெயரடையானால் சின்ன எழுத்து.

நாம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. மரியாதையை 'ஆர்' விகுதியே காட்டிவிடும். ஆங்கிலம் எழுதும்போது அந்த மரியாதையைக் கேபிடல் மேல் ஏற்றிவிடுகிறோம். கேபிடல் பெயரைத்தான் காட்டும், மதிப்பை அல்ல.

பதில் 2:
சட்ட ஆவணத்துக்கு வேறு கணக்கு. ஒப்பந்தத்தில் 'இனி தி போர்டு எனப்படும்' என்று வரையறுத்துவிட்டால் கடைசிப் பக்கம் வரை பி கேபிடல். ஓரிடத்தில் சின்னதானாலும், 'இது வேறு போர்டு' என்று வாதாட இடம் கிடைத்துவிடும்.

கோர்ட்டுக்கு, அமெரிக்கச் சட்டத் துறையின் நடைக் கையேடான புளூபுக் மூன்று இடங்களில் கேபிடல் கேட்கிறது: கோர்ட்டின் முழுப்பெயர், அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டைச் சுட்டும்போது, ஆவணம் எந்தக் கோர்ட்டில் தாக்கலாகிறதோ அந்தக் கோர்ட்டைச் சொல்லும்போது. ஐ.நா. ஆவணங்களில் பாதுகாப்பு கவுன்சிலை 'தி கவுன்சில்' என்று சுருக்கினாலும் கேபிடல் நிற்கும். ஆகவே அறிக்கையை வெளியிடும் அமைப்புக்குச் சொந்த நடைக் குறிப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அதுவே முடிவு.

பதில் 3:
திருத்தும்போது 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்தாதீர்கள். முழுப்பெயருக்குள் இருக்கும் 'கமிட்டி'யும் சின்னதாகிவிடும். முதலில் முழுப்பெயர்களை @@1, @@2 என்று மாற்றிவையுங்கள். பெரிய, சின்ன எழுத்தைப் பிரித்துப் பார்த்துத் தேடும் 'மேட்ச் கேஸ்' தேர்வு செய்து, 'தி'யோடு சேர்த்து ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுங்கள். வாக்கியத் தொடக்கத்தில் 'தி'யின் டி கேபிடலாக இருப்பதால் இந்தத் தேடலில் சிக்காது. அதை இன்னொரு சுற்றாகத் தேட வேண்டும். கடைசியில் @@ குறிகளைப் பழைய பெயர்களாக்குங்கள். மேற்கோள்களையும் தீர்மான வாசகங்களையும் தொடக் கூடாது, அவை மூலத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.