அழுற ஊத்தோட கண்ணைத் துடைக்கணும்: உமாசங்கர் ஜோஷியை நான் தெரிஞ்சுகிட்ட கதை

எல்லாரும் அவங்கவங்க நேர்ல பாத்த எழுத்தாளர்களைப் பத்தி எழுதுறீங்க. நான் சொல்லப்போற குஜராத்திக் கவிஞர் உமாசங்கர் ஜோஷி 1988லயே போய்ச் சேந்துட்டார், நான் அகமதாபாத் மண்ணை மிதிச்சதே 2008ல பேங்க் டிரான்ஸ்ஃபர்ல தான், ஆனாலும் அவரைச் சந்திச்சேன்னு தான் எனக்குத் தோணும்.

மணிநகர்ல வீடு. அங்க நம்ம ஆளுங்க நிறைய, அதனால ஒரு வருசம் குஜராத்தி ஒரு வார்த்தை கத்துக்காமலே ஓட்டிட்டேன். கீழ் வீட்ல ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர், தெருவே அவரை சாஹேப்னு தான் கூப்பிடும். ராத்திரி சாப்பிட்டு ஊஞ்சல்ல உக்காந்து ஏதாவது முணுமுணுத்துட்டே இருப்பார். ஒருநாள் "போமியா வினா மாரே பம்வாதா டுங்கரா"ன்னு பாடுறார், எனக்கு அந்த 'டுங்கரா' மட்டும் காதுல ஒட்டிகிச்சு, என்ன பாட்டு சாஹேப், பழைய சினிமாவான்னு கேட்டுட்டேன். அவர் கோவிச்சுக்கல. ஊஞ்சலைக் கால் ஊனி நிறுத்திட்டு, இது உமாசங்கர் ஜோஷி கவிதை, உக்காருன்னார்.

போமியான்னா அந்த மண்ணு தெரிஞ்ச ஆளு, வழி காட்டுறவன். அப்படி ஒருத்தன் துணையில்லாம மலை மலையா சுத்தணும்னு இருந்துச்சு, காட்டுல ஒரு கொடிவீடு விடாம பாக்கணும்னு இருந்துச்சு, இது தான் அர்த்தம். ரெண்டு வரி தள்ளி ஒண்ணு வரும், அழுதுட்டிருக்குற ஊத்தோட கண்ணைத் துடைக்கணும்னு இருந்துச்சுன்னு. அதைச் சொல்றப்போ சாஹேப் நிஜமாவே கையை நீட்டி, எதுக்கால குழந்தை நிக்குற மாதிரி, கட்டைவிரலால காத்துல மெல்லத் துடைச்சுக் காட்டினார். எனக்கு குஜராத்தி அந்த விரல்ல தான் ஆரம்பிச்சுது.

அப்புறம் தினம் ராத்திரி அரைமணி நேரம் பாடம். உமாசங்கர் பொறந்தது 1911, சாபர்காண்டா பக்கம் பாம்ணான்னு மலையடிவாரக் கிராமம். காலேஜ்ல படிச்சிட்டிருந்தவர் 1930ல உப்பு சத்தியாகிரகத்துல இறங்கி சாபர்மதி, எரவாடா ஜெயில்னு போயிட்டு வந்தார், அடுத்த வருசமே 'விஷ்வசாந்தி' வருது, அப்ப வயசு இருபது. 'நிஷீத்'ங்கிற தொகுப்புக்கு 1967ல ஞானபீடம், கன்னடத்துக் குவெம்புவோட சேத்துக் குடுத்தாங்க.

ஆனா சாஹேப் உயிரை விட்டது கவிஞர் உமாசங்கர் மேல மட்டும் இல்ல. 1947ல ஆரம்பிச்சு 1984 வரைக்கும் 'சன்ஸ்கிருதி'ன்னு ஒரு பத்திரிகை நடத்தினாரே, அந்த உமாசங்கர் மேல தான் அதைவிடப் பிரியம். வருசா வருசம் இதழ்களைச் சேத்து பைண்ட் பண்ணி, பழுப்பு அட்டை போட்டு, வேப்பிலை சருகு வெச்சு இரும்புப் பீரோல அடுக்கியிருந்தார். அடுத்தவங்க கவிதையை உமாசங்கர் எப்படிப் படிக்கிறார்னு பாருன்னு விரலை வெச்சு வெச்சுக் காட்டுவார். விமர்சனம்னா குத்தம் கண்டுபிடிக்குற வேலைன்னு தான் நான் அதுவரைக்கும் நெனச்சிருந்தேன், இவர் கட்டுரைத் தொகுப்பு பேரே 'கவினி ஷ்ரத்தா', கவிஞனோட நம்பிக்கை. 1973ல சாகித்ய அகாதமி குடுத்தது அந்த விமர்சன புத்தகத்துக்குத் தாங்க, கவிதைக்கு இல்ல. எனக்கு அது ரொம்பப் பெரிய விசயமா பட்டுச்சு, இப்பவும் படுது. வழிகாட்டியே வேணாம்னு பாடின மனுசன் முப்பத்தேழு வருசம் ஒரு மொழிக்கே போமியாவா இருந்திருக்கார்.

நியமன எம்பியா ராஜ்யசபாவுல இருந்தப்போ எமர்ஜென்சி வந்துச்சு, அங்கயே எந்திரிச்சு எதுத்துப் பேசினார். சாஹேப் அதைச் சொல்றப்போ குரல் தானா உசந்துரும். பசிச்சவன் வயித்துல தீ எழுந்துச்சுன்னா இடிபாட்டோட சாம்பல் துகள்கூட மிஞ்சாதுன்னு இளவயசுல எழுதினவர் வேற எப்படி இருப்பார்னு கேப்பார்.

ஒரு ஹோலி முடிஞ்ச வாரம் ரெண்டு பேரும் அரசு பஸ் புடிச்சு ஈடர் போனோம், உமாசங்கர் ஸ்கூல் படிச்ச ஊர். மலைன்னா நம்ம மேற்கு மலை மாதிரி இல்ல, உருண்டைப் பாறைங்களை யாரோ கொட்டி வெச்ச மாதிரி, நடுவுல இலையே இல்லாம செக்கச்செவேல்னு பூத்து நிக்குற புரச மரங்க. சாஹேபுக்கு முட்டிவலி, மேல ஏற முடியல, கீழ ஒரு டீக்கடை பெஞ்ச்ல உக்காந்துகிட்டு நீ போய்ட்டு வா, போமியா இல்லாம போன்னு அனுப்பி வெச்சார். நான் பாதி மலை ஏறி ஒரு பாறை மேல நின்னு முழுப் பாட்டையும் சத்தமா சொன்னேன், உச்சரிப்பு சரியான்னு கேக்க அங்க ஆள் இல்ல.

சாஹேப் 2015ல தவறிட்டார். 1956ஆம் வருச 'சன்ஸ்கிருதி' பைண்ட் ஒண்ணு எங்கிட்ட இருக்கு.

இப்ப ஒரு உதவி. அந்தப் பாட்டைத் தமிழ்ல கொண்டுவரலாம்னு ரொம்ப நாளா உக்காந்திருக்கேன், ஊத்து வரிலயே நிக்குது. நம்ம மொழில ஊத்துக்கண்ணுன்னு வார்த்தை தயாரா இருக்கு, அதைப் போட்டா கண்ணு வந்துருது, ஆனா தண்ணி சுரக்குற எடம்னு தான் படிக்கிறவங்களுக்குத் தோணுது, அழுகை போயிருது. 'துடைக்க'ன்னு போடவா, 'ஒத்தி எடுக்க'ன்னு போடவா? சாஹேப் விரல் போன மாதிரி ஒரு வார்த்தை வேணும், யாருக்காவது தோணுச்சுன்னா சொல்லுங்க.