கோடையில் பூ உதிர்கிறது, மழையில் செடி வாடுகிறது: தக்காளியை எப்போது விதைப்பது?

கொல்லைப்பயிர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக் கொல்லையில் சிறு பாத்தி ஒன்றிலும் சில தொட்டிகளிலும் தக்காளி வளர்த்து வருகிறேன். குளிர்காலத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் அதே இரகம், வெயில் ஏறியதும் நிறையப் பூக்கிறது; ஆனால் ஒரு பிஞ்சுகூட நிற்பதில்லை. பூக்காம்பின் நடுவில் கணுப்போலச் சற்றுப் புடைத்த ஓர் இடம் இருக்கிறதல்லவா, அதுதான் முதலில் மஞ்சளாகிறது. அதன் பிறகு விரல் பட்டாலே அவ்விடத்தில் காம்பு கழன்று பூ கையோடு வந்துவிடுகிறது. மழைக்காலத்தில் சிக்கல் வேறு விதம். நன்றாக நிமிர்ந்து நின்ற செடி, இலை மஞ்சளாகாமலேயே, பச்சையாக இருக்கும்போதே இரண்டொரு நாளில் துவண்டு சாய்ந்துவிடுகிறது.

உரத்தைக் கூட்டினால் கோடையிலும் காய் பிடிக்குமா? ஆண்டு முழுவதும் காய்ப்பை எதிர்பார்ப்பது சரியா, அல்லது விதைக்கும் காலத்தையே மாற்றிக்கொள்ள வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

நாற்றங்கால் எழுதியது:

வணக்கம். தாங்கள் விவரித்திருக்கும் பூ உதிர்வு உரக்குறைவால் வருவதன்று. வெப்பத்தால், அதிலும் முக்கியமாக இரவு வெப்பத்தால் வருவது. பகல் வெப்பம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, இரவு வெப்பம் 21 முதல் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நின்றாலோ தக்காளியின் மகரந்தம் உயிர்ப்பை இழந்துவிடுகிறது. கருவுறாத பூவைச் செடி வைத்துக்கொள்வதில்லை. தாங்கள் பார்த்த அந்தக் கணுவிலேயே அதைக் கழற்றிவிடுகிறது. இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் காய்ப்பிடிப்பு இதேபோல் குறையும். மகரந்தம் கெடுவது பூ மலரும் நாளில் மட்டும் நிகழ்வதன்று, மொட்டாக இருக்கும்போதே, மலர்வதற்கு ஒரு வாரத்துக்கும் முன்பாகவே தொடங்கிவிடுகிறது என்பதால், இடையில் ஓரிரு நாள் வானம் மூடிக் குளிர்ந்தாலும் உடனே பிஞ்சு நிற்காது.

இந்த நிலையில் தழைச்சத்து மிகுந்த உரத்தைக் கூட்டினால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், தண்டு தடிக்கும், ஆனால் காய் வராது. கோடையில் உரத்தைக் குறைத்து, மூடாக்கையும் (மண்ணை மூடிப் பரப்பும் சருகு, வைக்கோல் போன்றவை) நீரையும் சீராக வைத்திருப்பதே போதும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே கணக்கை விதையிலிருந்து தொடங்காமல் பூவிலிருந்து தொடங்குங்கள். விதை முளைக்க ஏறத்தாழ ஒரு வாரம், நாற்று நடவுக்குத் தயாராக மேலும் 4 வாரம், நட்டது முதல் பூக்கும் வரை சுமார் ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டால், விதைத்த 9 அல்லது 10 வாரத்தில் முதல் பூங்கொத்து வரும். தங்கள் பகுதியில் இரவு குளிரத் தொடங்கும் காலம் எது என்று பார்த்து, அதிலிருந்து அத்தனை வாரம் பின்னோக்கி வந்து விதையுங்கள். ஒரே நாளில் எல்லா விதையையும் போடாமல், 3 வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாக விதைத்தால் காய்ப்பு நீளும். கடைசி விதைப்புக்கும் இதே கணக்குதான்: வெப்பம் ஏறுவதற்கு முன் அதன் பூக்கள் பிஞ்சாகிவிட வேண்டும். பிஞ்சு பழுக்க 45 முதல் 60 நாள் ஆகும்; அந்தக் காலத்தில் வெயில் ஏறினாலும் நின்ற காய் பெரும்பாலும் நின்றுவிடும்.

கோடையில் செடியைக் காப்பாற்ற விரும்பினால், பிற்பகல் வெயிலை மட்டும் மறைக்கும்படி 35 முதல் 50 விழுக்காடு நிழல் தரும் வலையைக் கட்டுங்கள். வெப்பம் தணியும் முன், நலமாக இருக்கும் செடியின் பக்கக் கிளைகளை ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்து ஈர மண்ணில் நட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் வேர் பிடித்துவிடும். தக்காளித் தண்டின் அடிப்பகுதியில் வெண்ணிறமாகச் சிறுசிறு புடைப்புகள் தெரியும். அவை மண் பட்டால் வேராக இறங்கக்கூடியவை. நாற்றை ஆழமாக நடுவதும் இதனால்தான். நாற்றங்காலில் கழியும் வாரங்கள் இந்த முறையில் மிச்சமாகும். சிறுபழ இரகங்கள் பெரிய பழ இரகங்களைவிட வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

மேட்டுப்பாத்தி எழுதியது:

ஐயா, கோடைக்கு மேலே நல்ல விளக்கம் கிடைத்துவிட்டதால் மழைக்காலத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இலை பச்சையாக இருக்கும்போதே செடி துவள்வது பாக்டீரியா வாடல் நோயின் அடையாளமாக இருக்கலாம். அதை வீட்டிலேயே உறுதி செய்துகொள்ள முடியும். வாடிய செடியின் அடித்தண்டைக் கூர்மையான கத்தியால் குறுக்கே வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர் எடுத்து, வெட்டிய முனை மட்டும் நீரில் படும்படி அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சில நிமிடங்களில் அந்த முனையிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழைகள் நீருக்குள் இறங்கினால், ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இழை இறங்காமல், வெட்டிய பகுதியில் பழுப்பு வளையம் தெரிந்து, இலைகளும் ஒரு பக்கமாக மஞ்சளாகியிருந்தால் அது பெரும்பாலும் ஃபியூசேரியம் பூஞ்சை வாடல். இரண்டும் இல்லையென்றால் நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பாக்டீரியா வாடல் வந்த செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. செடியை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் அகற்றுங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் தக்காளி மட்டுமல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதையும் குறைந்தது 3 ஆண்டு நடாதீர்கள். கிருமி அதற்கு மேலும் மண்ணில் தங்கியிருக்கக்கூடும். தக்காளியை விட மனமில்லையென்றால் புதிய மண்ணோடு தொட்டிக்கு மாற்றலாம், அல்லது வாடலைத் தாங்கும் கத்தரி இரகத்தின் வேர்ச்செடியிலோ சுண்டையிலோ ஒட்டுக்கட்டிய நாற்றைத் தேடலாம். இந்த வேர்கள் நீர் தேங்குவதையும் வாடலையும் தக்காளி வேரைவிட நன்றாகத் தாங்குகின்றன. நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். ஆழமாக நடும் முறை இங்கே கூடாது, ஏனென்றால் மேல்தண்டு வேர்விட்டால் ஒட்டின் பயன் போய்விடும்.

மற்றபடி பாத்தியை 20 முதல் 30 சென்டிமீட்டர் உயர்த்துங்கள். மழைத்துளி மண்ணில் மோதித் தெறிப்பதால்தான் இலைக்கருகல் கீழிலையில் தொடங்குகிறது என்பதால், மூடாக்கு இடுவதும் அடியிலைகளைக் கிள்ளிவிடுவதும் பெரிதும் பயன் தரும்.

வெள்ளைவலை எழுதியது:

நாற்றங்கால் அவர்கள் எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். கோடையில் பழைய செடியைக் காத்துவைத்து அதிலிருந்து கிளை எடுப்பது குறித்து மட்டும் எனக்கு மாறுபட்ட எண்ணம் உண்டு. வெயில் காலத்தில் வெள்ளை ஈ பெருகுகிறது. இலைச்சுருட்டு நச்சுயிரியை அதுவே செடிக்குச் செடி கொண்டு செல்கிறது. நச்சுயிரி ஏறிய செடியில், நோய்க்குறி வெளியே தெரிவதற்கு முன்பே எடுத்த கிளையிலும் நோய் இருக்கும். அந்தக் கிளையை நட்டால் அடுத்த பருவத்தின் தொடக்கத்திலேயே தோட்டத்துக்கு நோயைக் கொடுத்தவர்களாவோம். துளிர் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, மேல்நோக்கிச் சுருண்ட ஒரு செடியாவது அருகில் இருந்தால், பழைய செடிகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, சில வாரம் அந்த இடத்தில் தக்காளியே இல்லாமல் வைத்திருப்பது நல்லது என்று கருதுகிறேன். புதிய நாற்றை விதைத்த நாள் முதல் நடவு வரை 40 அல்லது 50 மெஷ் (ஓர் அங்குல நீளத்தில் அத்தனை கண்கள் உள்ள) பூச்சிவலைக்குள் வளர்த்தால், இளம் பருவத்தில் வரும் தாக்குதல் பெரும்பாலும் தவிர்க்கப்படும். இளமையில் நோய் ஏறிய செடி காய்க்கவே காய்க்காது. வளர்ந்த பின் ஏறினால் ஓரளவாவது பலன் தரும்.

கொல்லைப்பயிர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வாடிய செடி ஒன்று இன்னும் இருக்கிறது. குவளைச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் அடுத்த பாத்தியைத் தீர்மானிப்பேன். இன்னும் ஓர் ஐயம்: கோடைத் தொடக்கத்தில் பழுக்கும் பழங்கள் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நின்றுவிடுகின்றன. சிலவற்றின் அடிப்புறம் கறுத்துக் குழிவிழுந்தும் இருக்கிறது. இதுவும் நோயா?

நாற்றங்கால் எழுதியது:

இரண்டும் நோயல்ல. தக்காளியைச் சிவக்கச் செய்யும் லைக்கோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை, ஆனால் மஞ்சள் நிறம் தரும் கரோட்டீன் தொடர்ந்து உருவாகிறது. எனவே காயின் அடிமுனையில் லேசாகச் சிவப்புச் சாயல் தெரிந்தவுடனே பறித்து, 20 முதல் 25 டிகிரி வெப்பமுள்ள நிழலான இடத்தில் வையுங்கள். அங்கே நன்றாகச் சிவந்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள், பழுக்கும் நிகழ்வே அதில் தடைப்படும்.

அடிப்புறம் கறுப்பது, காயின் நுனிக்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராததால் ஆவது. மண்ணில் அது இருந்தாலும், நீரோடு கலந்தே மேலேறும் என்பதால், ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் குளமாகியும் கிடக்கும் தொட்டியில் இது அடிக்கடி வரும். முட்டை ஓட்டுத் தூள் மட்குவதற்கு நெடுங்காலம் ஆகுமாதலால், இப்போது நிற்கும் காய்களுக்கு அது உதவாது. செடி ஒன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் மண் கொள்ளும் தொட்டி கொடுத்து, மூடாக்கிட்டு, மண்ணுக்குள் இரு விரற்கடை ஆழத்தில் ஈரம் தொட்டுப் பார்த்து நீர் விடுங்கள். கறுத்த காய்களைக் கிள்ளி எடுத்துவிட்டால் அடுத்த கொத்து நலமாக வரும்.

வெள்ளைவலை அவர்களின் எச்சரிக்கை சரியானது. சுருண்ட செடி ஒன்றுகூட இல்லாத தோட்டத்தில் மட்டுமே கிளை எடுங்கள். ஐயம் இருந்தால் விதையிலிருந்தே தொடங்குங்கள்.