தத்துவக் கட்டுரை எழுத வழி சொல்லுங்க

வணக்கமுங்க. ஊர் கோபிச்செட்டிபாளையம். தொலைநிலைக் கல்வியில் தத்துவ அறிமுகத் தாள் படிக்கிறேன். பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே டேக்கார்ட் 1641இல் வெளியிட்ட 'தியானங்கள்' நூலின் மெழுகுப் பகுதி பற்றிக் கட்டுரை எழுதினேன். "சுருக்கம் இருக்கிறது, உங்கள் வாதம் எங்கே?" என்று திரும்பி வந்துவிட்டது.

தேனடையிலிருந்து எடுத்த மெழுகு தீயருகே மணம், நிறம், வடிவம் எல்லாம் இழக்கிறது. ஆனாலும் அதே மெழுகு என்று அறிவது புலனால் அல்ல, மனத்தால் என்கிறார் அவர். எனக்குக் கரும்பு ஆலைக் கொப்பரைதான் நினைவுக்கு வந்தது. கரும்புச்சாறு கொதித்துப் பாகாகி, கடைசியில் நாட்டுச்சர்க்கரையாக உதிரும். அதை அதே பொருள் என்று எப்படிச் சொல்வது? மனம் அங்கே எல்லைக்கோட்டை எங்கே போடுகிறது? இதையே மறுப்பாக வைக்கலாமுங்களா?

அப்புறம், எதிர்வாதத்தை எந்த இடத்தில் சேர்ப்பது? தத்துவம் படித்தவங்க யாராவது என் கட்டுரையின் முதல் இரண்டு பத்தியைப் பார்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். வெள்ளிக்கிழமை திரும்பக் கொடுக்கணும்.