புதுப்பிப்பு: நேட்டாலுக்குக் கப்பலேறிய முனுசாமித் தாத்தா கிடைத்துவிட்டார்

கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார், பெயரை வைத்துத் தேடினால் அகப்படவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, பெயரை விட்டுவிட்டு ஊரையும் தகப்பன் பெயரையும் பிடியுங்கள் என்று ஒரு அக்கா சொன்ன யோசனைதான். 1860 முதல் 1911 வரை நேட்டால் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் காலனி எண் (ஒவ்வொருவருக்கும் வரிசையாகக் கொடுத்த எண்), தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், அங்க அடையாளம் எல்லாம் உண்டு. வட ஆற்காடு, வந்தவாசி என்று வடிகட்டி, ஊர்ப்பெயரை நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அங்கே 'மூன்சாமி' ஆகியிருந்தார்! எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். இடது புருவத்துத் தழும்பு வரை பாட்டி சொன்னது அப்படியே பொருந்தியது.

எதிர்பாராதது ஒன்று: அடுத்த எண்ணில் அதே தகப்பன் பெயரோடு பதினாறு வயதுப் பெண். அவருக்கு ஒரு தங்கை இருந்ததை எங்கள் வீட்டில் யாருமே சொன்னதில்லை. அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தேடுகிறவர்கள் முன்பின் எண்களையும் அவசியம் பாருங்கள்.