இது பெரிய இலை மக்னோலியாதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வட கரோலினாவில். இந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் தோட்டத்து மூலையில் ஒரு மக்னோலியா வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மரம் என் உயரம்தான், ஆனால் நேற்று ஒரு இலையை அளந்தேன், 64 செ.மீ.! கையில் எடுத்தால் முழங்கை தாண்டுகிறது. அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் வெளுப்பு. காம்பு சேரும் இடத்தில் காதுமடல் போல இரண்டு நீட்சிகள். குளிர்காலத்தில் மொத்தமும் உதிர்ந்து, பட்டுபோல் ரோமம் மூடிய மொட்டுகள் மட்டும் நிற்கும்.

இதைப் போன்ற மற்ற வகைகளில், குடை மக்னோலியாவின் இலை காம்பை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். ஃப்ரேசர் மக்னோலியாவுக்குக் காது உண்டு, ஆனால் அடிப்பக்கம் பச்சை. அதனால் இது மேக்ரோஃபில்லா, அதாவது பெரிய இலை மக்னோலியா என்றே நினைக்கிறேன். இல்லை, சின்ன வயதிலேயே பூக்கும் ஆஷே மக்னோலியாவா? இதுவரை பூக்கவில்லை.

இப்போதைய கவலை காற்று. மூலையில் மறைப்பே இல்லை, இலைகள் நார் நாராகக் கிழிகின்றன. பார்க்கவே மனசு கேட்கவில்லை. இதன் சதைப்பற்றான வேர் இடம் மாற்றினால் தாங்காது என்கிறார்கள். யாராவது மாற்றிப் பிழைக்க வைத்திருக்கிறீர்களா? எந்த மாதத்தில், எவ்வளவு மண்ணோடு எடுத்தீர்கள்? இல்லை, இருக்கிற இடத்திலேயே தடுப்பு கட்டலாமா?