ரீலோடிங்: 'மறுஏற்றம்' வேண்டாம், வேறென்ன வைக்கலாம்?

வணக்கம்.

'ரீலோடிங்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடும் இந்த இழை நாலு நாளாக 'மறுஏற்றமா, மீளேற்றமா' என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. கைப்பேசிக்கு மின்னேற்றம், கோப்புக்குப் பதிவேற்றம், உலாவியில் பக்கத்துக்கு மீளேற்றம் என்று 'ஏற்றம்' ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், சுட்டு முடித்தவன் அடுத்த தோட்டாவைத் துப்பாக்கிக்குள் போடுவதும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். நாம் பேசுவது அதை இல்லை. சுட்ட பித்தளைக் கோதை எடுத்து, சுத்தம் பண்ணி, புது மருந்தும் புதுக் குண்டும் வைத்து மறுபடி ஒரு தோட்டாவாக ஆக்குகிற வேலை. அதற்கு நம் கையில் ஒரு வினை தயாராகவே இருக்கிறது. வெடியைத் 'தயாரிக்கிறோம்' என்று யாரும் சொல்வதில்லை, வெடி கட்டுகிறோம். அதே மாதிரி தோட்டா கட்டுதல். சுட்ட கோதில் கட்டினால் மறுகட்டு.

> பொதுவாக 'வெடிமருந்து' என்றே எழுதிவிடலாம், வாசகருக்குப் புரியும்.

ஐயா, நீங்கள் எழுதிய இந்த வரியில்தான் நான் சண்டைக்கு வருகிறேன். நான் மொழிபெயர்த்துக்கொண்டிருப்பது 45-70 என்ற பழைய தோட்டாவுக்குக் கருவி தேர்ந்தெடுப்பது பற்றிய ஒரு வழிகாட்டி. 1873இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட தோட்டா அது. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: குழலின் விட்டம் அங்குலத்தில் 0.45, மருந்து 70 கிரெயின். அந்த 70 கிரெயினும் வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த பழைய கரிமருந்து. கரிமருந்தைக் கோதுக்குள் குண்டின் அடி தொடும்வரை இடைவெளியே இல்லாமல் நிரப்ப வேண்டும், காலி இடம் விட்டால்தான் குழலுக்கு ஆபத்து. இன்றைய புகையில்லா மருந்தோ நேர்மாறு. அதை அதே கோதில் அதே மாதிரி நிரப்பிச் சுட்டால் துப்பாக்கி வெடித்து முகத்தில் வரும். இரண்டுக்கும் 'வெடிமருந்து' என்று ஒரே சொல்லை வைத்துவிட்டு வாசகருக்குப் புரியும் என்று எப்படி நம்புவது? கரிமருந்து, புகையில்லா மருந்து. இரண்டையும் எப்போதும் முழுசாகவே எழுதுவோம். கை வலித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது 'டை', அதாவது கோதையும் குண்டையும் அழுத்தி வேலை செய்கிற உலோக அச்சு. பட்டறையில் எல்லோரும் டை என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே விட்டிருப்பேன். ஆனால் இந்த வேலையில் ஒரு டை இல்லை, நாலைந்து இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு வேலை செய்கிறது. இதில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் வரைவில், மருந்தை அமுக்குகிற டைக்கும் குண்டை உட்கார வைக்கிற டைக்கும் 'அழுத்தச்சு' என்று ஒரே பெயர் வைத்துவிட்டேன். இரண்டும் அழுத்துகிறதுதானே என்ற நினைப்பு. அந்த வரைவைப் படித்துவிட்டு இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் நண்பர் ஒருவர், ஒரு அழுத்தச்சு போதும் போலிருக்கிறது என்று குண்டு வைக்கிற டையை மட்டும் வாங்கி, மருந்தின் மேல் குண்டை வைத்து அதாலேயே ஓங்கி அமுக்கியிருக்கிறார். குண்டு இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம், கிட்டத்தட்ட மெழுகு மாதிரி மெதுவானது. மூக்கு சப்பி, இடுப்பு பெருத்து, கோதின் வாயும் சேர்ந்து புடைத்துவிட்டது. பத்தில் ஏழு தோட்டா துப்பாக்கியின் தோட்டா அறைக்குள்ளேயே போகவில்லை. போகாததும் நல்லதுக்குத்தான். அவர் எனக்கு அனுப்பிய படத்தில் அந்தக் குண்டுகள் வரிசையாக, சளி பிடித்த மூக்குகள் மாதிரி நின்றன.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பெயர் வைக்கக் கூடாது, அந்த இடத்தில் கை என்ன செய்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும். மருந்தை அமுக்குவது கிட்டிப்பு. வேட்டுக்குழாயில் மருந்தைக் கிட்டிப்பது என்கிறோமே, அதே கிட்டிப்பு. ஆகவே அது கிட்டிப்பச்சு. குண்டை அதன் இடத்தில் இருத்துவது இருத்தச்சு. சுட்டதில் உப்பிய கோதைப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது ஒடுக்கச்சு. மெதுவான ஈயம் சீவப்படாமல் உள்ளே இறங்குவதற்காகக் கோதின் வாயைக் கொஞ்சம் மலர்த்துவது விரியச்சு. குண்டு வார்க்கிற மோல்டுக்கும் 'அச்சு' என்று பேர் விழும் அபாயம் இருப்பதால் அதை வார்ப்பு என்றே விடுவோம்.

கிட்டிப்பு ஏன் தேவை என்று ஒருவர் கேட்டிருந்தார். பழைய கோதின் அடிப்பகுதி மெல்லியது, உள்ளே இடம் அதிகம். இன்று வருகிற கோதின் அடி தடிமனானது, 70 கிரெயினைச் சும்மா கொட்டினால் குண்டுக்கு இடம் இருக்காது. அதனால் முதலில் இரண்டடி நீளக் குழலின் வழியாக மெதுவாகக் கொட்டுகிறார்கள். குருணைகள் ஒவ்வொன்றாக விழுந்து நெருக்கமாக அமர்கின்றன. படியைத் தட்டித் தட்டி அளந்தால் கூடுதலாகப் பிடிக்கும் இல்லையா, அதே கதை. இந்தக் குழலுக்கு 'வீழ்குழல்' என்ற பரிந்துரை வந்தது. எனக்குச் 'சொரிகுழல்' இன்னும் இயல்பாகப் படுகிறது, தானியம் சொரிவது போலத்தானே. அப்புறம் மருந்தின் மேல் ஒரு தக்கை, தக்கையின் மேல் கிட்டிப்பச்சு. எவ்வளவு கிட்டிப்பது என்பது மருந்துக்கு மருந்து மாறும், அதற்கு அச்சிட்ட கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

'குருணை' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் கிரெயின் என்பது எடை அளவும் கூட, ஒரு பவுண்டுக்கு 7000. மருந்துத் துகளும் பேச்சில் அதே கிரெயின்தான். எடையைக் கிரெயின் என்றே விட்டுவிட்டுத் துகளைக் குருணை என்றால் குழப்பம் தீர்ந்தது. கரிமருந்து டப்பாவில் போட்டிருக்கும் எஃப் எழுத்துகளும் குருணையின் பருமனைத்தான் சொல்கின்றன, எஃப் கூடக் கூடக் குருணை நைசாகும்.

கோதின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கிற பிரைமருக்கு 'எரியூட்டி', 'தொடக்கி' எல்லாம் வந்தன. பொட்டு என்று வைத்தால் என்ன? பொட்டு வெடி வெடிக்காத பிள்ளை உண்டா? அடித்தால் பொறி தருகிற சின்ன வட்டம், வேலையும் அதேதான். அது உட்காரும் இடம் பொட்டுக்குழி.

டைகளை மாட்டி அழுத்துகிற கருவியான பிரஸ் பற்றிய பகுதியில் சொல் சிக்கல் குறைவு. டைகளின் திருகு மரை பெரும்பாலும் ஒரே அளவு, ⅞ அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. பார்க்க வேண்டியது பிரஸ்ஸின் வாய்த்திறப்பு. 45-70 கோது 2.1 அங்குலம்தான், ஆனால் அதே குடும்பத்தில் 45-110 என்பது 2⅞ அங்குலம், சின்ன பிரஸ்ஸில் குண்டோடு சேர்த்து நுழைக்கக் கஷ்டம். பழைய ஆட்கள் பிரஸ்ஸே இல்லாமல் பாக்குவெட்டி மாதிரி ஒரு கைக்கருவியை வைத்து ஓட்டினார்கள், அதை இடுக்கி என்று எழுதியிருக்கிறேன். மருந்தளவியில் மட்டும் ஒரு எச்சரிக்கை: புகையில்லா மருந்துக்கென்று செய்த பிளாஸ்டிக் கூம்பு வைத்த அளவியில் கரிமருந்தைப் போடக் கூடாது, நிலைமின் பொறி வந்துவிடலாம் என்ற பயம். பித்தளை அல்லது அலுமினியக் கூம்பு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் ஐயா. திட்டினாலும் சரி.

---

தம்பி,

திட்டவில்லை. மருந்து விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி, என் வரியை விலக்கிக்கொள்கிறேன். பொட்டு அருமை. இவ்வளவு நாள் எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

கிட்டிப்பா கெட்டிப்பா என்று யோசித்தேன். கெட்டி என்றால் இறுகிப் போன நிலை நினைவுக்கு வருகிறது, கிட்டித்தல் என்றால் செயல் தெரிகிறது. கிட்டிப்பே இருக்கட்டும். ஆனால் 'மறுகட்டு' எனக்கு இன்னும் ஒட்டவில்லை, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது போல் கேட்கிறது. தோட்டா கட்டுதல் என்பது புதுக் கோதுக்கும் சுட்ட கோதுக்கும் பொருந்தும்போது 'மறு' எதற்கு? சுட்ட கோது என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'சுட்ட கோதில் கட்டுதல்' என்று எழுதிவிடலாமே. ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

கோதின் வாயைக் குண்டின் மேல் மடித்து இறுக்குகிற கிரிம்ப் என்பதை விட்டுவிட்டீர்கள்.

---

ஐயா,

புண் கட்டு என்று சொன்னபிறகு எனக்கும் அப்படியேதான் கேட்கிறது, கெடுத்துவிட்டீர்கள். மறுகட்டை எடுத்துவிட்டேன், தலைப்பிலும் 'தோட்டா கட்டுதல்' என்றே மாற்றியாயிற்று.

கிரிம்ப்புக்கு இப்போதைக்கு 'வாய்மடிப்பு' என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் துப்பாக்கியில் கரிமருந்து சுடுகிறவர்கள் பல பேர் அதைச் செய்வதே இல்லை, அதனால் அவசரமில்லை.