பொங்கல் முடிந்ததும் ஜப்பானில் ஸ்னோபோர்டு: நிசெகோவா, ஹகுபாவா, வேறு ஊரா?

அலங்கை_மாப்ள எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர் ஜப்பானுக்கு ஸ்னோபோர்டு ஓட்டப் போகிறோம். லீவும் சொல்லியாயிற்று. எந்த ஊர் என்பதில்தான் வாட்ஸ்அப் குழுவில் தினமும் இழுபறி.

பெங்களூரில் இருப்பவன் குளிர்காலம் தோறும் குல்மர்க் போகிறவன், நன்றாக ஓட்டுவான். அவனோடு போய் நானும் ஓரளவு கற்றுக்கொண்டேன். மற்ற மூன்று பேரும் கொடைக்கானல் குளிருக்கு மேல் எதையும் பார்த்ததில்லை. அதில் ஒருவன் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டான். இன்னொருவன் புஜத்தில் அவன் வீட்டுக் காளையைப் பச்சை குத்தியிருக்கிறான். ஜப்பானில் வெந்நீர்க் குளத்தில் பச்சை குத்தியவர்களை விடமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

ஜனவரி 17 அன்று எங்கள் ஊர் வாடிவாசல். எங்கள் மாடும் இறங்குகிறது. அதை விட்டுவிட்டு யாரும் கிளம்ப மாட்டோம். ஆகவே 20 தேதிக்குப் பிறகுதான் பயணம். மதுரையிலிருந்து கொழும்பு போய் அங்கிருந்து தோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் போவதாக யோசனை. பெங்களூர்க்காரன் நிசெகோ தவிர வேறு பேச்சே வேண்டாம் என்கிறான். ஒலிம்பிக் நடந்த இடம் என்று இன்னொருவன் ஹகுபாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

உசிலை_சைதாமா எழுதியது:

தம்பி, நான் உசிலம்பட்டிக்காரன். சைதாமாவில் ஒரு பட்டறையில் வேலை. குளிர்காலம் வந்துவிட்டால் சனிக்கிழமை விடியுமுன்னே போர்டைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுவேன். கேட்டதற்குப் பதில்: நொசவா ஒன்சென் போங்கள். நீங்கள் இருவரும் எங்கே போனாலும் ஓட்டிக்கொள்வீர்கள். முதல்முறை போர்டில் நிற்கப்போகும் அந்த மூன்று பேருக்கு எந்த மலை ஒத்துவருமோ, அதைத்தான் எடுக்கவேண்டும். அவர்கள் இரண்டாம் நாளே அறையில் சுருண்டுவிட்டால் ஐந்து பேருக்கும் பயணம் கெட்டுவிடும்.

ஜப்பானில் ஏன் இவ்வளவு பனி கொட்டுகிறது என்று தெரிந்தால் ஊரைத் தேர்வு செய்வது எளிது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வறண்ட குளிர்காற்று கிளம்புகிறது. வழியில் ஜப்பான் கடல் இருக்கிறது. அதன் நீர் அந்தக் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால், காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து மேற்குப் பக்க மலைகளில் மோதி அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் தோக்கியோவில் வெயில் அடிக்கும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி நனைய, உசிலம்பட்டியில் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போமே, அதே கணக்குதான். ஹொக்கைடோவில் இருக்கும் நிசெகோவும், நாகானோவில் இருக்கும் ஹகுபா, நொசவாவும் அந்த ஈரக் காற்று வந்து மோதும் பக்கத்தில் இருக்கின்றன. ஜனவரி கடைசியில் போனால் மூன்றிலும் பனிக்குப் பஞ்சமில்லை.

நிசெகோவைக் குறை சொல்ல மாட்டேன். பனி அத்தனை மிருதுவாக, உலர்ந்து இருக்கும். ஆனால் நரிட்டாவில் இறங்கி, உள்நாட்டு விமானம் பிடித்து, ஹொக்கைடோவின் நியூ சிதோசே விமான நிலையத்திலிருந்து பஸ்ஸில் மறுபடி இரண்டரை மணி நேரம் போகவேண்டும். அந்த மலையின் நான்கு பக்கச் சறுக்குத் தளங்களுக்கும் சேர்த்த ஒருநாள் லிப்ட் டிக்கெட் பத்தாயிரம் யென்னைத் தாண்டிவிட்டது. தங்குவதும் சாப்பிடுவதும் அதே தினுசில் விலை. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மேல் லிப்டுகளை நிறுத்திவிடுவார்கள். பெங்களூர்த் தம்பிக்கு அது சொர்க்கம்தான், ஒத்துக்கொள்கிறேன். காடுகளுக்கு நடுவே ஓட்டவும், வாயில் வழியாகச் சறுக்கு எல்லைக்கு வெளியே போகவும் தெரிந்தவர்களுக்கு அந்தக் காசு தகும். முதல் நாள் முழுக்க அடிவாரத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கப் போகிறவர்களுக்கு எதற்கு?

நொசவாவுக்கு தோக்கியோவிலிருந்து ஹொகுரிகு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஈயாமா வரை இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஹகுதகா வண்டியில் ஏறுங்கள், ககயாகி அங்கே நிற்காது. ஈயாமா நிலையத்திலிருந்து பஸ்ஸில் 25 நிமிடம். இதற்காக ஜேஆர் பாஸ் (சுற்றுலாப் பயணிகளுக்கான ரயில் பாஸ்) வாங்காதீர்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென்னாக ஏறிவிட்டது. ஒரு ஊருக்குப் போய்வரத் தனி டிக்கெட்டே மலிவு. பெட்டிகளை விமான நிலையத்திலேயே கூரியரில் விடுதிக்கு அனுப்பிவிட்டுக் கைவீசிக்கொண்டு ரயிலேறலாம்.

மலை 1,650 மீட்டர். அடிவாரத்தில் ஹிககே பகுதி சாய்வு குறைவு, உங்கள் மூவரும் அங்கேதான் தொடங்கவேண்டும். நடுவே உவேனோதைரா அகலமாக, நிதானமாக இருக்கும். உச்சியில் யமபிகோ, பனி அங்கேதான் நன்றாகத் தேங்கும், பெங்களூர்த் தம்பியை அங்கே விட்டுவிடுங்கள். ஒரு குறை உண்டு. உவேனோதைரா பக்கம் சில இடங்கள் சமதளம். ஸ்கீ ஓட்டுகிறவன் கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவான், போர்டுக்காரன் நின்றால் ஒரு காலைக் கழற்றி மிதித்துத்தான் போகவேண்டும். அந்த இடம் வருமுன்னே வேகத்தைக் குறைக்காமல் வாருங்கள்.

மூவருக்கும் முதல் நாள் பயிற்சி வகுப்பு கட்டாயம். நண்பன் சொல்லிக்கொடுப்பான் என்று விடவேண்டாம். முதலில் குதிகால் விளிம்பு. முகம் பள்ளத்தைப் பார்த்திருக்க, போர்டு சரிவுக்குக் குறுக்கே இருக்க, கால்விரல்களை லேசாக மேலே தூக்கினால் விளிம்பு பனியைக் கரகரவென்று சுரண்டிக்கொண்டு நிற்கும். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் வழுக்கும், தூக்கினால் நிற்கும். இந்தப் பிடிமானம் காலுக்குப் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். பள்ளத்துப் பக்க விளிம்பு பனியில் பதிந்துவிட்டால்தான் ஆளைத் தூக்கி அடிக்கும். அதை முதல் மணி நேரத்திலேயே வாத்தியார் விளக்குவார்.

அப்புறம் அந்த ஊரே ஊர். கிராமத்துக்காரர்களே பராமரிக்கும் பொதுக் குளியல் கூடங்கள் 13, கட்டணம் கிடையாது, உண்டியலில் விருப்பப்பட்டதைப் போடலாம். ஓகமா என்ற ஊற்றில் தண்ணீர் கிட்டத்தட்ட 90 டிகிரியில் கொதிக்கிறது. ஊர்ப் பெண்கள் நொசவானா கீரையைக் கட்டுக்கட்டாக அதில் முக்கி வேகவைப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே ஊராருக்கு மட்டும்தான் அனுமதி. ஜனவரி 15 அன்று தோசோஜின் தீத்திருவிழா. மரத்தால் கட்டிய கோயிலின் மேல் 42 வயதுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, கீழே 25 வயதுக்காரர்கள் காவல் நிற்க, ஊரார் தீப்பந்தத்தோடு பாய்வார்கள். வாடிவாசலுக்கு மாடு வளர்க்கிறவர்கள் பார்க்கவேண்டிய திருவிழா அது. தேதிதான் உங்களுக்கு இடிக்கிறது, எனக்கே வருத்தமாக இருக்கிறது.

திருநகர்_பிசியோ எழுதியது:

ஊர் எதுவானாலும் சரி, புதியவர்கள் மணிக்கட்டைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் தம்பிகளா. ஸ்னோபோர்டில் புதியவர்களுக்கு அதிகம் அடிபடும் இடங்களில் அதுவும் ஒன்று. இரண்டு காலும் கட்டியிருப்பதால் விழும்போது கை தானாக முன்னே நீளும், உடம்பின் எடை மொத்தமும் அங்கே இறங்கும். முன்னால் விழுந்தால் விரல்களை மடக்கி முன்கையால் தாங்குங்கள். பின்னால் விழுந்தால் தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையை ஊன்றாமல் உட்கார்ந்து உருளுங்கள். மணிக்கட்டுக் கவசம் இங்கேயே வாங்கி எடுத்துப் போங்கள், ஹெல்மெட்டை அங்கே வாடகைக்கு எடுக்கலாம்.

இப்போதிருந்தே தொடையைத் தயார்செய்யுங்கள். வாரம் இரண்டு முறை யானைமலை ஏறுங்கள். ஏறுவதைவிட மெதுவாக இறங்குவதுதான் முக்கியம், சரிவில் தொடை செய்யப்போகும் வேலை அதுதான். இறங்கும்போது யாருக்காவது முட்டியில் குத்தினால் உடனே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

தேனி_பனி எழுதியது:

உசிலை அண்ணன் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனாலும் ஹகுபாவுக்காக ஒரு வார்த்தை. ஹகுபா என்பது ஒரே மலை இல்லை, பள்ளத்தாக்கு நெடுக வரிசையாகப் பல மலைகள். அதில் ட்சுகயிகேயின் அடிவாரச் சரிவு வயல்வெளி மாதிரி அகலம். புதியவர்களுக்கு அதைவிட நல்ல இடத்தை நான் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் சொல்லித்தரும் பள்ளிகளும் ஹகுபாவில் நிறைய. சிக்கல் என்னவென்றால், மலைக்கு மலை பஸ்ஸில் போகவேண்டும். ஐந்து பேரும் வெவ்வேறு திறமையில் இருந்தால் ஆளுக்கொரு மலையில் சிதறிவிடுவீர்கள், மாலையில்தான் முகம் பார்ப்பீர்கள். நொசவாவில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே இடத்தில் கூடலாம்.

ஒலிம்பிக் ஆசை பிடித்த நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்: 1998 நாகானோ ஒலிம்பிக்கில்தான் ஸ்னோபோர்டு முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆனால் அது நடந்தது ஹகுபாவில் இல்லை. கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் ஜயன்ட் ஸ்லாலம் ஷிகா கோகெனின் யகேபிதாய் மலையிலும், அரைக்குழாய் வடிவப் பனிப்பள்ளத்தில் வித்தை காட்டும் ஹாப்பைப் கன்பயாஷியிலும் நடந்தன. இரண்டும் நாகானோ மாவட்டத்திலேயே, நொசவாவுக்குத் தொலைவில்லாத இடங்கள்.

அலங்கை_மாப்ள எழுதியது:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. குழுவில் அப்படியே போட்டேன். ஒலிம்பிக் விவரத்தைப் படித்ததும் ஹகுபாக்காரன் இறங்கிவந்துவிட்டான். பெங்களூர்க்காரனும் யமபிகோ காட்டுப் படங்களைப் பார்த்துவிட்டுச் சரி என்கிறான். நொசவாதான். சைவத்துக்கும் பச்சைக்கும் வழி சொல்லுங்கள்.

உசிலை_சைதாமா எழுதியது:

சைவம்தான் கஷ்டம், அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இங்கே குழம்பு, நூடுல்ஸ் தண்ணீர், கீரை மசியல் எதிலும் தாஷி இருக்கும். கட்சுவோ என்ற சூரை மீனை அவித்து, புகைபோட்டு, மரக்கட்டை போலக் காயவைத்துச் சீவிக் கொதிக்கவைக்கும் சாறு அது. நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தக்காரன். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இதை எடுக்கமாட்டார்கள். ஆகவே சமையலறை உள்ள அறை எடுங்கள். அரிசி இங்கே கிடைக்கும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் கொண்டுவரலாம். பச்சைக் கறிவேப்பிலையும் பழமும் சான்றிதழ் இல்லாமல் உள்ளே வராது, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். கடைகளில் உமெபோஷி என்ற உப்பிலிட்ட பழம் வைத்த சோற்று உருண்டை கிடைக்கும். ஊறுகாய்ப் புளிப்பு, தம்பிக்குப் பிடிக்கும்.

பச்சை விஷயம் உண்மைதான், பல இடங்களில் அனுமதிக்க மாட்டார்கள். தோல்நிற ஒட்டுத்துணியால் மறைக்கும் அளவென்றால் மறைத்துக்கொள்ளட்டும். புஜம் முழுக்கக் காளை என்றால் தனியாகப் பூட்டிக்கொள்ளும் குளியலறை உள்ள விடுதியாகக் கேட்டு எடுங்கள். குளத்தில் இறங்குமுன் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிடவேண்டும், துணி எதுவும் உடுத்தக்கூடாது. சூடு தாங்கவில்லையென்றால் உள்ளே இருக்கும் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுக் குளிர்நீர்க் குழாயைத் திறங்கள், கேட்காமல் திறக்காதீர்கள்.

கடைசியாக இரண்டு. பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்குக்குத் தனியாகப் பாதுகாப்பு இருக்கிறதா என்று எழுத்தில் பார்த்து வாங்குங்கள், சாதாரணத் திட்டங்களில் பெரும்பாலும் இருக்காது. பெங்களூர்த் தம்பி கயிறு கட்டிய எல்லையைத் தாண்டவே கூடாது. மரத்தடியில் பனி பொலபொலவென்று பள்ளமாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தானாக ஏறி வரமுடியாது. தேடிவந்து மீட்டாலும் செலவு முழுக்க அவன் தலையில்தான். சீனப் புத்தாண்டு வாரத்தில் அறை கிடைக்காது, அதற்குள் திரும்புகிற மாதிரி தேதி போடுங்கள். எந்த விடுதி பார்த்திருக்கிறீர்கள் என்று இங்கே போடுங்கள், லிப்டுக்கு எவ்வளவு நடை என்று பார்த்துச் சொல்கிறேன்.